பாலாற்றங்கரை மதில்கள்: கறையில் மழை பாதி, கிணறு பாதி!

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து தை பிறக்கும் நேரத்தில் வேலூர், ஆம்பூர் பக்கத்துத் தோட்டங்களைச் சுற்றி வந்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். போன வருடம்தான் சிமென்ட் பூசி வண்ணம் அடித்த மதிலாக இருக்கும். அதன் தலையிலிருந்து பாதி உயரம் வரை கருப்புக் கோடுகள் ஒழுகி நிற்கும். அடியில் ஒன்றரை, இரண்டு அடி உயரத்துக்குச் செம்மண் தெறித்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்து, கையால் தடவினால் பூச்சு மாவாக உதிரும்.

பொங்கலுக்கு ஒரு கை வெள்ளை அடித்தால் சரியாகிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அடித்ததும் பளிச்சென்று இருக்கும். அடுத்த மழைக்காலம் முடிந்தால் அதே கோடு, அதே இடத்தில் திரும்ப வந்து நிற்கும். மூன்று, நான்கு வருடம் இப்படிப் போனால் பூச்சு பெயர்ந்து செங்கல் தெரியும். மோட்டார் ரூம், மாட்டுக் கொட்டகை, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றுக்கும் இதே கதிதான். விளைச்சலில் மிச்சம் பிடித்துக் கட்டிய சுவருக்கு மறுபடி மறுபடி செலவு செய்ய எந்தக் குடும்பத்தாலும் முடியாது.

மற்ற ஊர்களில் மதில் கறைக்கு மழையும் தூசியும் மட்டுமே காரணமாக இருக்கும். பாலாற்றங்கரையில் இன்னொரு காரணமும் உண்டு. அது சுவரைக் கட்டவும் நனைக்கவும் இறைத்த கிணற்றுத் தண்ணீர். இந்தப் பகுதியில் மதிலைக் காப்பாற்ற வேண்டுமென்றால் மேலிருந்து வரும் தண்ணீரையும் பார்க்க வேண்டும், கீழிருந்து இறைக்கும் தண்ணீரையும் பார்க்க வேண்டும்.

கோட்டைக் கோயிலின் கொடுங்கை

மேலிருந்து வரும் தண்ணீரை எப்படிக் கையாள்வது என்பதற்கான பாடம் வேலூர் கோட்டைக்குள்ளேயே இருக்கிறது. 16-ம் நூற்றாண்டில் விஜயநகர ஆட்சிக் காலத்தில் எழுந்த கோட்டை இது. உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயில். அங்கே சிற்பத் தூண்களுக்குப் பேர்போன கல்யாண மண்டபத்துக்குப் போகிறவர்கள் குதிரை வீரர்களையும் யாளிகளையும்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். தூண்களுக்கு மேலே, வெளியே நீண்டு, கீழ்நோக்கி வளைந்து இறங்கும் கல்லை அவ்வளவாக யாரும் கவனிப்பதில்லை. அதற்குப் பெயர் கொடுங்கை.

கொடுங்கை அழகுக்கு மட்டும் வைத்ததல்ல. கூரையில் விழும் மழை அதன்மேல் வழிந்து, நுனிக்கு வந்து, தூணையும் சுவரையும் தொடாமல் தள்ளிப்போய் விழுகிறது. கல்லில் கட்டிய கோயிலுக்கே இந்த ஏற்பாடு வேண்டும் என்று அந்தக் கால ஸ்தபதிகள் நினைத்திருக்கிறார்கள்.

கிராமத்து மண்சுவர்களிலும் இதே அறிவு இருந்தது. மண்சுவர் எழுப்பினால் அதன் தலையில் பனையோலை வேய்வார்கள், இல்லையென்றால் நாட்டு ஓடு வரிசையாக வைப்பார்கள். ஓலையும் ஓடும் சுவரைவிட அகலமாக வெளியே நீண்டிருக்கும். மழை சுவரில் இறங்காது. சிமென்ட் வந்த பிறகு, சுவர் உறுதியாகிவிட்டது, இனி குடை எதற்கு என்று அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டோம். இன்றைக்குப் பெரும்பாலான தோட்ட மதில்களின் தலை தட்டையாக, இரண்டு பக்கமும் சுவரோடு சமமாகப் பூசி முடிந்திருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. ஒன்பது அங்குலச் சுவர், பூச்சோடு சேர்த்துப் பத்து அங்குலம். 100 அடி நீளம் என்று வைத்துக்கொள்வோம். 5 சென்டிமீட்டர் மழை பெய்தால், அந்தச் சுவரின் தலையில் மட்டும் சுமார் 385 லிட்டர் தண்ணீர் விழும். குடை இல்லாத சுவரில் இவ்வளவும் இரண்டு முகங்களிலும்தான் வழிந்தாக வேண்டும். கோடை முழுக்கத் தலையில் படிந்த சாலைத் தூசியும் காக்கை எச்சமும் அதோடு கரைந்து இறங்கும். ஈரம் காயாத இடத்தில் பாசி பிடிக்கும். ஈரத்தில் பச்சையாக இருக்கும் பாசி வெயிலில் காய்ந்ததும் கருப்பாகிவிடும். கருப்புக் கோடு வருவது இப்படித்தான்.

விரிஞ்சிபுரத்து மதிலழகு

வேலூரிலிருந்து ஆம்பூர் போகும் வழியில் சுமார் 15 கிலோமீட்டரில், பாலாற்றின் தென்கரையில் விரிஞ்சிபுரம். திருவாரூருக்குத் தேர் எப்படியோ அப்படி விரிஞ்சிபுரத்துக்கு மதில் என்பது பழைய பேச்சு. மார்க்கபந்தீஸ்வரர் கோயிலைச் சுற்றி நிற்கும் உயரமான கருங்கல் மதிலைப் பார்த்தால் அந்தப் பேச்சு சும்மா வந்ததில்லை என்று புரியும்.

அந்த மதிலில் மழை வழியாமல் இல்லை. ஆனால் கருங்கல் தண்ணீரைக் குடிக்காது. மேலே வழிந்த தண்ணீர் வெயில் பட்டால் காய்ந்துவிடும். செங்கல்லும் சிமென்ட் பூச்சும் அப்படியல்ல. இரண்டிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைய உண்டு. தண்ணீர் உள்ளே போகும். வெயில் வந்ததும் வெளியே வரும். வரும்போது உள்ளே கரைந்திருந்த உப்பையும் கூட்டிக்கொண்டு வரும். தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு சுவரின் முகத்தில் தங்கிவிடும். அது பூச்சுக்கு அடியிலேயே படிகமானால் இடம் போதாமல் பூச்சை வெளியே தள்ளும். பூச்சு பொரிந்து உதிர்வது இதனால்தான்.

அந்த உப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள ஆம்பூர் வரைக்கும் போக வேண்டும்.

ஆம்பூரின் உப்புக் கணக்கு

பாலாறு கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஆந்திரத்தைக் கடந்து, வாணியம்பாடிக்கு மேற்கே தமிழ்நாட்டுக்குள் வருகிறது. மொத்தம் 348 கிலோமீட்டர் ஓடும் ஆற்றில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில்தான். வருடத்தில் பெரும்பாலான நாட்கள் மணலாகத்தான் கிடக்கும். ஆனால் மணலுக்கு அடியில் ஊற்று உண்டு என்ற நம்பிக்கையில்தான் இரு கரைகளிலும் கிணறு வெட்டி, நெல்லும் கரும்பும் தென்னையும் வைத்தார்கள்.

அதே பகுதியில்தான் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று தோல் தொழிலும் வளர்ந்தது. ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும்தான் தோல் பதனிட்டார்கள். இதே கடுக்காயை ஊறவைத்த தண்ணீரை வெல்லத்தோடு சேர்த்து, சுண்ணாம்புச் சாந்தில் ஊற்றிச் சுவர் பூசினார்கள் கொத்தனார்கள். தோலுக்கும் சுவருக்கும் ஒரே காய்.

1970-களில், அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதற்கு மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. முழுதாகப் பதனிட்ட தோலும் செருப்பும் ஷூவும் வெளிநாடு போகத் தொடங்கின. குரோமியம் முறை பரவியது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வேலை கிடைத்தது. கூடவே கழிவுநீரும் பெருகியது.

குரோமியத்தைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். சுவருக்கும் பயிருக்கும் அதைவிட அதிகம் தொல்லை தருவது சாதாரண உப்பு. பச்சைத்தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் டேனரிக்கு வருகிறது. அங்கே முதல் வேலையே அதை ஊறவைத்து அலசுவது. அந்த உப்பு முழுக்கத் தண்ணீரில் இறங்கும். பிறகு முடி நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும், பதனிட குரோமியம் சல்பேட்டும் சேர்க்கிறார்கள். கழிவுநீரில் குளோரைடும் சல்பேட்டும் ஏறுவது இப்படி. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்த பிறகும், கரைந்த உப்பைப் பிரிப்பதுதான் பெரிய சவாலாக இருந்தது. சவ்வு வைத்து வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சி உப்பாக எடுக்கும் முறை பின்னால்தான் வந்தது.

1991-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் இந்தப் பிரச்னையை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. 1996 ஆகஸ்ட் 28-ல் வந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தில் உறுதியாக நிலைநாட்டியது. தோல் தொழில் பகுதிகளில் கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனது என்ற ஆய்வுத் தகவலும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. பாலாற்று மாசு, இழப்பீடு பற்றி 2025 ஜனவரி 30-லும் உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட்டது. முதல் வழக்கிலிருந்து 34 வருடம்.

நீதிமன்றத்தில் நடப்பது ஒருபக்கம் நடக்கட்டும். தோட்டக்காரர் மேஸ்திரியைக் கூப்பிட்டு மதிலைக் கட்டுவது தன் கிணற்றுத் தண்ணீரில்தான். அங்கேதான் கவனம் வேண்டும்.

12 கிலோ உப்பைத் தெளிக்கிறோம்!

100 அடி நீளம், 5 அடி உயரம் உள்ள மதிலை இரண்டு பக்கமும் பூசினால் 1,000 சதுர அடி. கலவைக்குப் போகும் தண்ணீர் சில நூறு லிட்டர்தான். பூசிய பிறகு ஏழு நாள், தினமும் இரண்டு மூன்று வேளை நனைப்பதற்குத்தான் அதிகம் பிடிக்கும். சுமாராக 4,000 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

கிணற்றுத் தண்ணீரில் கரைந்த உப்பு, அதாவது டிடிஎஸ், லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் இருந்தால் லிட்டருக்கு 3 கிராம். 4,000 லிட்டருக்கு 12 கிலோ. சுவரை நனைக்கிறோம் என்ற பெயரில் 12 கிலோ உப்பைக் கொண்டுபோய்த் தெளிக்கிறோம். அதில் கொஞ்சம் மண்ணில் வழிந்துவிடும். மிச்சம் பூச்சுக்குள் உட்கார்ந்து அடுத்த மழைக்காகக் காத்திருக்கும்.

குடிநீருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழி இல்லாவிட்டால் 2,000 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். கான்கிரீட் கலக்கும் தண்ணீரில் கரைந்த தாது உப்புகள் 3,000-ஐத் தாண்டக் கூடாது. கம்பி உள்ள கான்கிரீட்டுக்கு குளோரைடு மட்டும் 500-க்குள் இருக்க வேண்டும். குளோரைடு கூடினால் உள்ளே உள்ள கம்பி துருப்பிடித்து வீங்கும், தூண் வெடிக்கும். இந்த அளவுகள் கான்கிரீட் உறுதிக்காக வைத்தவை. வெள்ளைப் பூப்பு வராமல் இருக்க வேண்டுமென்றால் தண்ணீர் இதைவிட நல்லதாக இருக்க வேண்டும். கடைசிப் பூச்சுக்கும் நனைப்பதற்கும் குடிக்கிற தரத்தில் இருக்கும் தண்ணீரோ மழைநீரோதான் ஏற்றது.

எல்லாக் கிணறும் உப்பு என்று முடிவுகட்ட வேண்டாம். மலையடிவாரத்தில் ஒரு தண்ணீர், ஆற்றோரத்தில் ஒரு தண்ணீர், டேனரிக்குக் கீழ்ப்பக்கம் ஒரு தண்ணீர். ஒரே கிணற்றிலும் சித்திரையில் உப்பு ஏறும், மார்கழியில் இறங்கும். பரிசோதித்துப் பார்ப்பதுதான் வழி. வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையங்களில் பாசன நீரையும் பார்த்துக் கொடுக்கிறார்கள். விரிஞ்சிபுரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் விவரம் கேட்கலாம்.

பரிசோதனைச் சீட்டில் மின் கடத்துதிறன், அதாவது ஈ.சி. என்று ஓர் எண் இருக்கும். அதை 640-ஆல் பெருக்கினால் டிடிஎஸ் கிட்டத்தட்ட வந்துவிடும். ஈ.சி. 0.7-க்குக் கீழ் இருந்தால் எந்தப் பயிருக்கும் கவலை இல்லை. 3-ஐத் தாண்டினால் பெரும்பாலான பயிர்கள் திணறும். அந்தத் தண்ணீர் சுவருக்கும் ஆகாது. ஒரே சீட்டு வயலுக்கும் வழி சொல்லும், மதிலுக்கும் வழி சொல்லும்.

மழைநீருக்கு எங்கே போவது என்ற கேள்வி வரும். 1,000 சதுர அடி மாடியில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால், வீணாவது போக 3,700 லிட்டர் வரை பிடிக்கலாம். ஒரு மதில் வேலைக்கு அது ஏறக்குறையப் போதும். 2003-ல் இருந்தே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். மண்ணுக்குள் விடுவதற்கு முன்னால் ஒரு தொட்டியில் பிடித்து வைத்தால் கட்டட வேலைக்கும் உதவும்.

தலை: குடை வையுங்கள்

"மேஸ்திரி, மேல கட்டை எதுக்கு? வீண் செலவுதானே?" என்று கேட்கிறவர்கள் நிறைய. அந்தக் கட்டையைத்தான் கொத்தனார்கள் கோப்பிங் என்கிறார்கள். மதில் வேலையில் விடக்கூடாத செலவு அது.

கான்கிரீட்டில் வார்க்கலாம், கடப்பைக்கல் பதிக்கலாம், ஓடும் வைக்கலாம். எதுவானாலும் பூச்சைத் தாண்டி இரண்டு பக்கமும் 2 அங்குலம் வெளியே நீள வேண்டும். பத்து அங்குலச் சுவருக்குப் பதினான்கு அங்குலக் கட்டை. மேல்பக்கம் தட்டையாக இருக்கக் கூடாது. அரை அங்குலம் முதல் ஒரு அங்குலம் வரை சரிவு கொடுங்கள். சரிவு நம் தோட்டத்துப் பக்கமாக இருந்தால் பக்கத்து நிலத்துக்காரரோடு வம்பு இல்லை, தண்ணீரும் நம் மண்ணுக்கே வரும்.

பலரும் தவறவிடுவது அடிப்பக்கம். வெளியே நீண்ட கட்டையின் நுனிக்கு வரும் தண்ணீர் அப்படியே கீழே விழுந்துவிடாது. கட்டையின் அடியில் ஒட்டிக்கொண்டு உள்பக்கமாக ஊர்ந்து சுவரைத் தொட்டுவிடும். அதைத் தடுக்க, நுனியிலிருந்து முக்கால் அங்குலம் உள்ளே தள்ளி, அடியில் நீளவாக்கில் அரை அங்குல வரிப்பள்ளம் வேண்டும். கான்கிரீட் வார்க்கும்போது சென்ட்ரிங் பலகைமேல் ஒரு 12 மில்லி கம்பியை எண்ணெய் தடவி வைத்து, பிறகு எடுத்துவிட்டால் பள்ளம் தயார். கடப்பைக்கல் என்றால் கட்டிங் மெஷினில் ஒரு கீறல் போதும். ஊர்ந்து வரும் தண்ணீர் பள்ளத்தைத் தாண்ட முடியாமல் சொட்டிவிடும். சன்ஷேடுக்கும் மாடிக் கைப்பிடிச் சுவருக்கும் இதே முறைதான். பூசும்போதும் வெள்ளை அடிக்கும்போதும் அந்தப் பள்ளத்தை மூடிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மதில்மேல் முள்கம்பிக்காக இரும்பு ஆங்கிள் நடுகிறவர்கள், அதன் அடியைச் சுற்றிக் கலவையால் சின்ன மேடு கட்டுங்கள். தண்ணீர் தேங்காது. நடுவதற்கு முன்பே இரும்புக்கு ரெட் ஆக்சைடு அடித்துவிட்டால், கீழே பழுப்பு நிறத்தில் துருக்கோடு இறங்காது.

உடம்பு: அவசரம் வேண்டாம்

வெளிப்பூச்சுக்கு ஒன்றுக்கு ஐந்து அல்லது ஆறு என்ற கலவை போதும். சிமென்ட் கூடினால் உறுதி கூடும் என்று நினைத்து அதிகமாகப் போட்டால் மயிரிழை விரிசல் விடும். கரணையால் மழமழவென்று சிமென்ட் பால் தேய்ப்பதும் அதே விரிசலைத்தான் தரும். தண்ணீர் அதில் புகுந்தால் வெளியே வர வழி இருக்காது.

மணலைப் பார்த்து வாங்குங்கள். ஒரு கண்ணாடிக் குவளையில் பாதி மணல், மீதி நல்ல தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். மேலே வண்டல் தடிமனாகப் படிந்தால் அந்த மணல் பூச்சுக்கு வேண்டாம். அதே தண்ணீரைக் கையடக்க டிடிஎஸ் மீட்டரில் பாருங்கள். மணல் போடுவதற்கு முன் இருந்த எண்ணைவிட நிறைய ஏறியிருந்தால் மணலிலும் உப்பு உண்டு.

பூச்சு முடிந்த உடனே வண்ணம் அடிக்கக் கூடாது. குறைந்தது ஒரு மாதம் காயட்டும். அதற்குள் வெள்ளை பூத்தால் தென்னை நாரால் உலர்வாகவே தேய்த்து, பெருக்கி எடுத்துவிடுங்கள். தோட்ட மதிலுக்குச் சுண்ணாம்பு வெள்ளையே நல்லது. சுவர் மூச்சுவிடும், பாசியும் சீக்கிரம் பிடிக்காது, செலவும் குறைவு.

அடி: மண்ணைத் தள்ளி வையுங்கள்

கீழிருந்து ஈரம் ஏறாமல் இருக்க, தரைக்கு மேலே அரை அடி உயரத்தில் சுவரின் முழு அகலத்துக்கும் ஒன்றரை அங்குலக் கான்கிரீட்டை, நீர்க்காப்பு மருந்து கலந்து போடுவது வழக்கம். மேஸ்திரிகள் டிபிசி என்பார்கள். மதிலுக்கு இது எதற்கு என்று விட்டுவிடுகிறார்கள். உப்புமண் உள்ள இந்தப் பகுதியில் விடக் கூடாது.

சுவரை ஒட்டி ஒன்றரை, இரண்டு அடி அகலத்துக்கு ஜல்லி கொட்டுங்கள், அல்லது புல் வளர விடுங்கள். மழைத்துளி வெறும் மண்ணில் விழுந்தால்தான் தெறிக்கும். எருக்குவியல், வைக்கோல், வரப்பு மண் எதையும் சுவர்மேல் சாய்க்காதீர்கள். ஸ்பிரிங்ளர் தண்ணீர் சுவரில் படும்படி வைக்காதீர்கள். உப்புக் கிணறாக இருந்தால் ஒவ்வொரு பாசனமும் சுவருக்கு ஒரு கோட்டிங் உப்பு.

ஒருபக்கம் தரை உயர்ந்து, மறுபக்கம் தாழ்ந்திருக்கும் மதில் தனிக் கவனம் கேட்கும். அது மண்ணைத் தாங்கும் சுவர். பின்னால் தேங்கும் தண்ணீர் வெளியேற ஐந்தாறு அடிக்கு ஒன்றாக, தாழ்ந்த பக்கத்துத் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் 3 அங்குலக் குழாய் வைக்க வேண்டும். குழாய்க்குப் பின்னால் ஜல்லி நிரப்ப வேண்டும். குழாய் வெளிப்பக்கம் சரிந்து, பூச்சைத் தாண்டி 2 அங்குலம் நீண்டால் அதன்கீழ் கறையும் விழாது. உயரம் அதிகமென்றால் பொறியாளரைக் கேட்காமல் கட்டக் கூடாது.

மேட்டுப்பாளையம் அருகே நடூரில் 2019 டிசம்பர் 2 அதிகாலை, கனமழையில் உயரமான சுற்றுச்சுவர் ஒன்று பக்கத்து வீடுகள்மேல் விழுந்து 17 பேர் இறந்தார்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்த மழையில், பேரணாம்பட்டில் 19-ம் தேதி அதிகாலை வீடு இடிந்து குழந்தைகள் உட்பட 9 பேர் இறந்தார்கள். கறை படிந்த சுவரெல்லாம் விழுந்துவிடும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் சுவர் உள்ளே நனைகிறது என்பதை முதலில் சொல்வது கறைதான். கறையோடு சாய்வு, வீக்கம், நீள விரிசல் தெரிந்தால் அதன் பக்கத்தில் மாட்டைக் கட்டாதீர்கள், பிள்ளைகளை விளையாட விடாதீர்கள்.

தோட்டக்காரர்கள் வழக்கமாகக் கேட்பவை

*ஏற்கெனவே கட்டிய மதிலில் கருப்புக் கோடு இருக்கிறது. இடித்துக் கட்ட வேண்டுமா?*

வேண்டாம். தலையில் உள்ள பழைய பூச்சைக் கொத்திவிட்டு, வரி கீறிய கடப்பைக்கல்லைச் சரிவாகப் பதித்தாலே பாதிப் பிரச்னை தீரும். பாசிக்கு, 10 லிட்டர் தண்ணீரில் 200 கிராம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளியவைத்து, மேல்நீரை எடுத்துப் பூசி, கால்மணி நேரம் கழித்துத் தேய்த்துக் கழுவலாம். செடிகளின் வேரில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

*ஆசிட் ஊற்றினால் சீக்கிரம் போகுமே?*

கறையோடு பூச்சும் போகும். பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஆசிட் பட்டால் விஷவாயு கிளம்பும். இரண்டையும் சேர்க்கவே கூடாது.

*வெள்ளையாகப் பூப்பது உப்பா, சிமென்டில் இருந்து வரும் சுண்ணாம்பா?*

ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். கரைந்து மறைந்து, காய்ந்ததும் திரும்ப வந்தால் உப்பு. கரையாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் சுண்ணாம்பு, அதனால் சுவருக்குக் கெடுதல் இல்லை. உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் மறுபடி உள்ளேதான் போகும். வெயில் காலத்தில் உலர்வாகத் தேய்த்து எடுப்பதே சரி. நாக்கில் வைத்து ருசி பார்க்க வேண்டாம்.

*ஈரம் உள்ளிருந்து வருகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?*

ஓரடி சதுரப் பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. அதை நிறுத்தாமல் வண்ணம் அடிப்பது வீண்.

*கிணற்றுத் தண்ணீரைத் தவிர வேறு வழியே இல்லை என்றால்?*

கம்பி உள்ள தூணுக்கும் கட்டைக்கும் கடைசிப் பூச்சுக்கும் மட்டுமாவது நல்ல தண்ணீர் வாங்குங்கள். நனைப்பதற்குக் குழாயைத் திறந்துவிடாமல், சாக்கை நனைத்துச் சுவரில் தொங்கவிட்டால் தண்ணீர் செலவு நன்றாகக் குறையும். வேலையை ஐப்பசி மழை விட்ட பிறகு வைத்துக்கொண்டால் கிணற்றிலும் உப்பு குறைவாக இருக்கும்.

எப்போது தொடங்கலாம்?

சித்திரை, வைகாசியில் மதிலைச் சுற்றி ஒருமுறை நடந்து, எங்கே கருப்பு, எங்கே வெள்ளை, எங்கே துரு என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்போதே பூத்த உப்பைத் தேய்த்து எடுத்துவிடுங்கள். ஆடிக்குள் தலைக்கட்டை, அடி ஜல்லி வேலைகளை முடித்துவிட்டால் ஐப்பசி மழையைப் பயமில்லாமல் எதிர்கொள்ளலாம். தையில் சுண்ணாம்பு அடித்துக்கொள்ளலாம்.

எவ்வளவு செய்தும் ஒரு மதிலில் வெள்ளைப் பூப்பு நிற்காமல் வந்தால், சுவரை விட்டுவிட்டுக் கிணற்றைப் பாருங்கள். சுவரில் பூக்கும் அந்த உப்பைத்தான் மாடும் குடிக்கிறது, கத்தரியும் தென்னையும் உறிஞ்சுகின்றன. ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்துக்கொண்டு பரிசோதனைக்குப் போவதுதான் அடுத்த வேலை.